ஒரே வீடு, இரண்டு குடித்தனம்

"பேக்கப் எடுத்துட்டீங்களா, சித்தப்பா?"

பெங்களூரிலிருந்து அண்ணன் பையன் போனில் கேட்டான். இந்தக் கேள்விக்கு உலகத்தில் இரண்டே பதில்கள்தான் உண்டு. ஒன்று, 'எடுத்தாச்சு.' மற்றது, உண்மை. நான் முதலாவதைச் சொன்னேன்.

அந்த ஒரு வார்த்தைக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டில் பழைய லேப்டாப்பும், கையில் கொஞ்சம் ஓய்வும், மனசில் நிறைய தைரியமும் உள்ள இளைஞர்கள் அவசியம் படிக்கவும். மூன்றும் ஒன்று சேர்ந்தால் ஆபத்து.

முதலில் என் தகுதி. ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவு. கம்ப்யூட்டரில் எனக்கு எக்ஸெல் தெரியும். எக்ஸெல் தெரிந்தவனுக்குக் கம்ப்யூட்டரே தெரியும் என்றொரு நம்பிக்கை வந்துவிடும். ஸ்கூட்டர் ஓட்டத் தெரிந்தவன் இன்ஜினைக் கழற்றத் துணிகிற மாதிரி.

லேப்டாப் என்னுடையது இல்லை, அப்பாவுடையது. ரிட்டையரான தலைமையாசிரியர். 2018-ல் வாங்கிக் கொடுத்தோம். "எனக்கு எதுக்குடா இதெல்லாம்?" என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். எட்டாம் நாளிலிருந்து வேறு யாரையும் அதைத் தொட விடவில்லை. இரண்டு ஆள்காட்டி விரல்களால் கொத்திக் கொத்தி, நாலு வருஷமாகத் தன் வாழ்க்கைக் கதையை டைப் அடித்தார். 2022-ல் போய்விட்டார். அதன்பின் லேப்டாப் எனக்கு வந்தது. திறந்தால் இன்றைக்கும் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் வரவேற்கும். அதை மாற்ற எனக்கு மனசு வரவில்லை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு வருஷம் தவணை. சரி, விண்டோஸ் 11-க்குப் போய்விடலாம் என்று பார்த்தால், 'உங்கள் பிராசஸர் தகுதி பெறவில்லை' என்று பதில் வந்தது. ஏழாம் தலைமுறை இன்டெல். பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் உள்ளே விடுவார்களாம். என் வாழ்க்கையில் ஒரே ஒரு மார்க்கில் போன விஷயங்களின் பட்டியலில் இதுவும் சேர்ந்தது.

"லினக்ஸ் போடுங்க சித்தப்பா. பழைய மெஷின்ல பறக்கும்" என்றான் அண்ணன் பையன்.

"ஆபீஸ் எக்ஸெல்லுக்கு விண்டோஸ் வேணுமேடா. அந்த மேக்ரோ எல்லாம் வேற எதுலயும் ஓடாது."

"ரெண்டையும் வெச்சுக்கலாம். டூயல் பூட். பேங்க் வேலை, இன்டர்நெட் எல்லாம் லினக்ஸ்ல. எக்ஸெல் மட்டும் விண்டோஸ்ல."

ஒரே லேப்டாப்பில் இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டம். ஒன்றுக்குள் ஒன்றைப் பேயிங் கெஸ்ட்டாக வைத்துக்கொள்ளும் முறையும் இருக்கிறது. அதற்கு இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சாப்பாடு போட மெமரி வேண்டும். நம் லேப்டாப்பில் ஒருவருக்கே அளவுச் சாப்பாடு. எனவே டூயல் பூட். ஒரே வீடு, இரண்டு குடித்தனம். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு குடும்பம்தான் விழித்திருக்கும். மற்றது தூங்கும். நிஜ ஒண்டுக் குடித்தனங்களில் இந்த ஏற்பாடு இருந்திருந்தால் எத்தனையோ சண்டைகள் குறைந்திருக்கும்.

இதற்கு முதலில் டிஸ்க்கை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஆங்கிலத்தில் பார்ட்டிஷன் என்கிறார்கள். நமக்கா தெரியாது? பார்ட்டிஷன் சூட் போட்டுப் போட்டே கும்பகோணம் கோர்ட்டை வாழவைத்தவர்களின் பரம்பரை அல்லவா!

சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டதும் உட்கார்ந்தேன். விண்டோஸிலேயே 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' என்று ஒன்று இருக்கிறது. திறந்ததுமே எனக்குள் இருந்த கணக்குப்பிள்ளை விழித்துக்கொண்டான். வாங்கும்போது 256 ஜி.பி. என்றார்கள். இங்கே 238 என்று காட்டுகிறது. 18 எங்கே? யாரும் திருடவில்லை. விற்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள். விண்டோஸ் 1024, 1024-ஆக எண்ணுகிறது. எங்கள் ஊர் பால்காரர் படிக்கும் எங்கள் வீட்டுப் படிக்கும் இருந்த வித்தியாசம்தான்.

லினக்ஸுக்கு ஒரு 80 ஜி.பி. ஒதுக்கலாம் என்று பார்த்தேன். பாதி டிஸ்க் காலியாகத்தான் இருந்தது. ஆனால் 31-க்கு மேல் தர முடியாது என்றது விண்டோஸ். காரணம், நகர்த்த முடியாத சில ஃபைல்கள் நடுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. இதுவும் நமக்குப் புதிதில்லை. பாட்டி வீட்டு இரும்பு பீரோ மாதிரி. அறையே காலி என்றாலும் அது இருக்கும் இடத்தைத் தாண்டிச் சுவர் எழுப்ப முடியாது. ஹைபர்னேஷனை நிறுத்தி, பேஜ் ஃபைலைத் தற்காலிகமாக எடுத்து, பழைய ரெஸ்டோர் பாயின்ட்டுகளை அழித்ததும் பீரோக்கள் நகர்ந்தன. 80 கிடைத்தது. மார்பைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டேன்.

அந்தத் திரையில் சி டிரைவ் பக்கத்தில் 'பிட்லாக்கர் என்க்ரிப்டட்' என்று ஒரு வரி இருந்தது. ஐ.எஸ்.ஐ. முத்திரை மாதிரி ஏதோ நல்ல சர்ட்டிஃபிகேட் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது பயாஸ். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் எஃப் 2-வைத் தட்டித் தட்டி உள்ளே போக வேண்டிய இடம். நான் பார்த்த ஏதோ பழைய வீடியோவில் 'செக்யூர் பூட்டை அணைத்துவிடுங்கள்' என்று ஒருவர் சொல்லியிருந்தார். அணைத்தேன். உபுண்டு போன்றவற்றுக்கு அதை அணைக்க வேண்டியதே இல்லை என்பது பிற்பாடு தெரிந்தது. அத்தோடு வெளியே வந்திருக்கலாம். அங்கே 'டி.பி.எம்.' என்று ஒன்று கண்ணில் பட்டது. விண்டோஸ் 11 விஷயத்தில் அடிக்கடி அடிபட்ட பெயர். அதற்குக் கீழே ஒரு வரி: 'க்ளியர் டி.பி.எம்.?'

கணக்குப் பிரிவில் இருபது வருஷம் இருந்தவனுக்கு 'க்ளியர்' என்றால் நல்ல வார்த்தை. செக் க்ளியர் ஆகும். ஃபைல் க்ளியர் ஆகும். பாக்கி க்ளியர் ஆகும். எதையாவது க்ளியர் செய்து மானேஜரிடம் திட்டு வாங்கியதாக எனக்கு ஞாபகமே இல்லை. 'யெஸ்' என்று அழுத்தினேன்.

பென் டிரைவிலிருந்து உபுண்டு கிளம்பியது. அழகாக இருந்தது. மொழி கேட்டது, கீபோர்டு கேட்டது, பிறகு ஒரு தகவல் சொன்னது: 'இந்தக் கம்ப்யூட்டரில் பிட்லாக்கர் போட்டிருக்கிறது. விண்டோஸுக்குத் திரும்பிப் போய் அதை எடுத்துவிட்டு வாருங்கள்.' மரியாதையாகத்தான் சொன்னது. புதுக் குடித்தனக்காரர் 'முதலில் பழையவரிடம் பேசிவிட்டு வாங்க சார்' என்கிற மாதிரி.

சரி என்று விண்டோஸுக்குத் திரும்பினேன். கதவு பூட்டியிருந்தது.

நீலத் திரை. 'ரெக்கவரி கீயைக் கொடுக்கவும்.' அதற்குக் கீழே ஒரு நீளமான கட்டம். எத்தனை எண்கள் தெரியுமா? 48. ஏ.டி.எம்.முக்கு நாலு எண் ஞாபகம் வைத்துக்கொள்ளவே நான் கல்யாண நாளை உபயோகிக்கிறவன். அதையும் இரண்டு தடவை தப்பாகப் போட்டு மனைவியிடம் மாட்டிக்கொண்டவன். 48-க்கு எங்கே போவேன்? மணி ராத்திரி 12:40.

அண்ணன் பையனை எழுப்பினேன். முழு விவரமும் கேட்டுவிட்டு ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தான்.

"டி.பி.எம்.மை க்ளியர் பண்ணிட்டீங்களா?"

"ஆமா."

"சித்தப்பா, அது ஒரு சின்னப் பெட்டி மாதிரி. உங்க டிஸ்க்கோட சாவி அதுக்குள்ளதான் இருந்தது. தினமும் மெஷினைப் போட்டா அதுவே சாவியை எடுத்துக் கொடுத்துடும். அதனாலதான் உங்களுக்குப் பூட்டு இருக்கறதே தெரியலை. நீங்க செக்யூர் பூட்டை மட்டும் அணைச்சிருந்தா, திரும்பப் போட்டுப் பார்த்திருக்கலாம். இப்ப பெட்டியையே கவிழ்த்துட்டீங்க. லேப்டாப் திருடு போனா உள்ள இருக்கறதை யாரும் படிச்சிடக் கூடாதுன்னு செஞ்ச ஏற்பாடு இது. இப்ப அது உங்களைத் திருடன்னு நினைக்குது."

"வேற வழி?"

"பரவாயில்லை. பேக்கப் இருக்கில்ல? எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா போட்டுடலாம்."

நான் பதில் சொல்லவில்லை.

"சித்தப்பா?"

"பேக்கப் இல்லைடா."

"தாத்தாவோட புக்?"

அதுவும் உள்ளேதான் இருந்தது. அது ஒன்றுதான் இருந்தது என்றுகூடச் சொல்லலாம். என் எக்ஸெல் எல்லாம் ஆபீஸில் இன்னொரு பிரதி இருக்கும். அப்பா நாலு வருஷம் இரண்டு விரலால் கொத்திய 143 பக்கங்களுக்கு உலகத்தில் வேறு பிரதி கிடையாது. பிரிண்ட் எடுக்க வேண்டும், பைண்ட் செய்து அண்ணனுக்கும் அக்காவுக்கும் கொடுக்க வேண்டும் என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பொங்கலுக்கு, தீபாவளிக்கு, மறுபடி பொங்கலுக்கு.

அந்த ராத்திரி நான் தூங்கவில்லை. எழுத்தெல்லாம் அழியவில்லை, உள்ளேயேதான் இருக்கிறது என்பது இன்னும் மோசமாக இருந்தது. கை எட்டும் தூரத்தில் அப்பா உட்கார்ந்திருக்கிறார், நடுவில் 48 எண்கள்.

காலையில் அண்ணன் பையனே போன் செய்தான். "மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் போட்டு லேப்டாப்பைத் திறந்திருந்தா, அந்த ரெக்கவரி கீ பெரும்பாலும் அந்த அக்கவுன்ட்லயே சேர்ந்திருக்கும். யாரோட அக்கவுன்ட் அது?"

அப்பாவுடையது. திறக்கும்போது அவர் பெயரைத்தானே சொல்கிறது!

"பாஸ்வேர்டு?"

நான் நாலு இலக்கப் பின் போட்டுத் திறந்துதான் பழக்கம். பாஸ்வேர்டு அப்பாவுக்குத்தான் தெரியும். மெதுவாக மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டாதபோதுதான் எனக்குப் பயமாக இருக்கும்.

"என்னங்க, மாமா எல்லாத்தையும் டைரியில எழுதுவாரே. பால் கணக்கைக்கூட விட மாட்டார். இதை எழுதாம இருப்பாரா?" என்றாள்.

பரணிலிருந்து டைரிகள் இறங்கின. 2018. ஆகஸ்ட் மாதத்தில் ஒரு பக்கம், தலைமையாசிரியர் கையெழுத்தில்: 'கம்ப்யூட்டர் விவரம்.' மின்னஞ்சல் முகவரி. அதன் கீழே பாஸ்வேர்டு. அம்மாவின் பெயர், கல்யாணம் நடந்த வருஷம், கடைசியில் ஓர் ஆச்சரியக்குறி. 47 வருஷக் குடித்தனத்தில் அப்பா அம்மாவைப் பார்த்து ஆச்சரியப்பட்டதற்கு எழுத்துபூர்வமாகக் கிடைத்திருக்கும் ஒரே ஆதாரம் இதுதான்.

என் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து, முகவரி கொடுத்து, பாஸ்வேர்டும் கொடுத்தேன். ஏற்றுக்கொண்டது. மனைவி கைதட்டினாள். உடனே அடுத்த கேள்வி வந்தது: 'நீங்கள்தான் என்று உறுதி செய்ய, உங்கள் போனுக்கு ஒரு கோட் அனுப்பப் போகிறோம்.' நட்சத்திரங்களுக்குப் பின்னால் இரண்டே இரண்டு எண்கள் தெரிந்தன. அப்பாவின் போன் நம்பரின் கடைசி இரண்டு எண்கள்.

இங்கே நான் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அப்பா வைத்திருந்தது ஒரு பட்டன் போன். அவர் போன பிறகும் அம்மா அதை விடவில்லை. சுவாமி அலமாரிக்குப் பக்கத்தில், அப்பாவின் போட்டோவுக்குக் கீழே அது இருக்கும். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது அதையும் சார்ஜில் போடுவாள். 28 நாளைக்கு ஒரு தடவை, கிட்டத்தட்ட 200 ரூபாய்க்கு ரீசார்ஜ். மூன்று வருஷமாக மாதம் தவறினாலும் இது தவறாது. நான் கணக்குப்பிள்ளை ஆயிற்றே! ஒரு நாள் உட்கார்ந்து கூட்டிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னேன்.

"யாரும்மா கூப்பிடப் போறாங்க அந்த நம்பருக்கு? வருஷத்துக்கு 2500 ரூபாய் வேஸ்ட்."

அம்மா என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "அவரோட சிநேகிதங்க யாராவது தெரியாம கூப்பிட்டா, இந்த நம்பர் உபயோகத்தில் இல்லைன்னு சொல்லுமேடா. அதைக் கேட்டா நல்லாவா இருக்கும்?"

அதற்குமேல் நான் பேசவில்லை. ஆனால் மனசுக்குள் அந்தச் செலவை 'தவிர்க்கக்கூடியவை' என்ற தலைப்பில்தான் எழுதி வைத்திருந்தேன்.

இப்போது அந்த அலமாரி முன்னால் போய் நின்றேன்.

"அம்மா, அப்பா போனுக்கு ஒரு மெசேஜ் வரும். பார்த்துச் சொல்றியா?"

"அப்பாவுக்கா? யார்கிட்டேருந்து?"

எங்கிருந்து ஆரம்பிப்பது? "கம்ப்யூட்டர் கம்பெனிலேருந்தும்மா" என்றேன். அம்மா புடவைத் தலைப்பில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான் பட்டனை அழுத்தினேன். எங்கள் வீட்டில் ஒரு பிரசவ அறைக்கு வெளியே நின்றதற்கு அடுத்தபடியாக நான் அவ்வளவு கவனமாக ஒரு சத்தத்துக்குக் காத்திருந்தது அன்றைக்குத்தான்.

'டிங்.'

"வந்திருக்குடா. படிக்கறேன். 'வாடிக்கையாளரே, இன்றே ரீசார்ஜ் செய்து...'"

"அது இல்லம்மா! அதுக்கு அடுத்தது."

இன்னொரு 'டிங்'. அம்மா ஒவ்வொரு எண்ணாக, வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி நிறுத்தி நிறுத்திப் படித்தாள். நான் அழுத்தினேன். பக்கம் திறந்தது. அப்பாவின் லேப்டாப் பெயர், சாவியின் அடையாள எண், அதற்கு எதிரே ஆறு ஆறாக எட்டுக் கட்டங்களில் 48 எண்கள்.

மனைவி படிக்க, நான் டைப் அடித்தேன். நாலாவது கட்டத்தில் ஓர் எண்ணைத் தப்பாக அடித்தேன். அந்த இடத்திலேயே 'தப்பு' என்று சொல்லிவிட்டது. மொத்தமும் அடித்த பிறகு சொல்லாமல் அங்கேயே எப்படித் தெரிந்தது என்று எனக்கு ஆச்சரியம். பிறகு அண்ணன் பையன் விளக்கினான். அந்த எட்டு எண்களில் ஒவ்வொன்றும் 11-ஆல் மீதியில்லாமல் வகுபட வேண்டுமாம். வகுபடாவிட்டால் எங்கோ பிசகு. கணக்கில் செக் டோட்டல் போடுகிற மாதிரி. செய்தவன் எவனோ நல்ல கணக்குப்பிள்ளை.

எட்டாவது கட்டமும் முடிந்தது. என்டர் அடித்தேன். புள்ளிகள் சுற்றின. அப்பாவின் பெயர் வந்தது. வழக்கமான பின் வேலை செய்யவில்லை. அதுவும் அந்தக் கவிழ்த்த பெட்டியோடு போய்விட்டது. டைரி பாஸ்வேர்டைப் போட்டேன். திறந்தது.

நான் முதலில் செய்த காரியம் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 143 பக்கம். ஒரு பென் டிரைவில், ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில், அண்ணன் பையனுக்கு மெயிலில். மூன்று பிரதி. அந்த ஃபைலின் அளவு ஒரு எம்.பி.கூட இல்லை. காப்பி ஆக ஒரு நொடி. அந்த ஒரு நொடியைத்தான் நான் மூன்று வருஷமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு முறைப்படி, செட்டிங்ஸில் போய் என்க்ரிப்ஷனை அணைத்தேன். பூட்டை ஒவ்வோர் அறையாகத் திறக்க அது ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. அந்த நேரத்தில் அண்ணன் பையன் எனக்கு ஆறுதலாக ஒரு கதை சொன்னான்.

லினக்ஸை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர். வயசு 21. அந்த வருஷம் ஒரு 386 கம்ப்யூட்டர் வாங்கி, அதில் மினிக்ஸ் என்ற சிஸ்டத்தைப் போட்டிருந்தார். அதற்குப் பக்கத்திலேயே தன் சொந்தச் சரக்கையும் கொஞ்சம் கொஞ்சமாக எழுதிக்கொண்டிருந்தார். ஒரு நாள் மோடம் வழியாகப் பல்கலைக்கழகத்துக்கு டயல் செய்யப் போய், தவறுதலாக ஹார்டு டிஸ்க்குக்கே டயல் செய்துவிட்டார். மோடத்துக்குப் போக வேண்டிய கட்டளைகள் டிஸ்க்கில் எழுதப்பட்டு, மினிக்ஸ் இருந்த பாகம் பாழானது. மறுபடி மினிக்ஸ் போடலாமா என்று யோசித்தார். வேண்டாம், நம்முடையதே ஓரளவு தேறிவிட்டது, இதிலேயே வேலை செய்யலாம் என்று முடிவு கட்டினார். "ஆக, லினக்ஸ் தனிக் குடித்தனம் போனதே இப்படி ஒரு சொதப்பல்லதான், சித்தப்பா!"

ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் அவர் சொதப்பினால் உலகத்துக்கு ஒரு சிஸ்டம் கிடைக்கிறது. நான் சொதப்பினால் என் குடும்பம் பரணில் ஏறுகிறது. வித்தியாசம் இருக்கிறது.

மதியம் உபுண்டு உள்ளே வந்தது. செக்யூர் பூட்டைத் திரும்பப் போட்டுவிட்டுத்தான் வந்தது. இருபது நிமிஷம். அவ்வளவுதான் வேலை. முன் ஜாக்கிரதை எடுத்துக்கொண்டவர்களுக்கு இருபது நிமிஷம். மற்றவர்களுக்கு ஒரு ராத்திரியும் ஒரு பகலும்.

இப்போது லேப்டாப்பை ஆன் செய்தால் முதலில் ஒரு கறுப்புத் திரை. அதன் பெயர் கிரப். பழைய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தாதான் அவர். "யாரைப் பார்க்கணும்? மாடியா, கீழ் போர்ஷனா?" என்று கேட்பார். பத்து விநாடி காத்திருப்பார். பதில் சொல்லாவிட்டால் தனக்குப் பிடித்தவர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். முன்காலத்துக் கம்ப்யூட்டர்களில் இந்தத் தாத்தாவுக்குத் திண்ணையில் ஒதுக்கிய இடம் டிஸ்க்கின் முதல் 512 பைட்டில் வெறும் 446. அதாவது இந்தப் பத்தியின் முதல் இரண்டு மூன்று வாக்கியங்கள் அளவு. இப்போதைய கம்ப்யூட்டர்களில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு ரேழியே ஒதுக்கிவிட்டார்கள். விண்டோஸும் லினக்ஸும் அதில் தத்தம் செருப்பை விட்டுக்கொள்ளலாம்.

குடித்தனம் என்றால் சச்சரவு இல்லாமலா? முதல் வாரமே ஆரம்பித்தது. லினக்ஸில் வேலை பார்த்துவிட்டு விண்டோஸுக்குப் போனால், ராத்திரி 10 மணி சாயங்காலம் 4:30 ஆகிவிடுகிறது. சரியாக ஐந்தரை மணி நேரம். கூடத்துக் கடிகாரம் ஒன்றுதான். ஆனால் அதில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் நினைக்கிறது. கிரீன்விச் நேரம் என்று லினக்ஸ் நினைக்கிறது. நமக்கும் கிரீன்விச்சுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த ஐந்தரை. லினக்ஸில் ஒரு வரிக் கட்டளை கொடுத்து 'நீயும் உள்ளூர் நேரமே வைத்துக்கொள்' என்று சொன்னால் தீர்ந்தது. நான் நாலு நாள் கழித்துத்தான் சொன்னேன். "இன்னும் தூங்கலையா?" என்று மனைவி கேட்கும்போது "மணி நாலரைதானே" என்று திரையைக் காட்டுவதில் ஒரு சுகம் இருந்தது.

இன்னொரு சச்சரவு. விண்டோஸை ஷட் டவுன் செய்தாலும் அது முழுசாகத் தூங்குவதில்லை. அடுத்த தடவை சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும் என்று அரைக் கண்ணைத் திறந்து வைத்திருக்கும். 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்று பெயர். அந்த நிலையில் அதன் டிரைவில் லினக்ஸைக் கை வைக்க விடாது. படிக்கலாம், எழுத முடியாது. அதை அணைத்து வைப்பது நல்லது.

கடைசியாக, அப்பாவின் புத்தகம். அன்றைக்கு ராத்திரிதான் அதை முதல் தடவையாக உட்கார்ந்து முழுசாகப் படித்தேன். ஆமாம், அதுவரை படித்ததில்லை. 61-ஆம் பக்கத்தில் எங்கள் கும்பகோணம் வீட்டுப் பாகப்பிரிவினை வருகிறது. 1974. தாத்தாவின் மூன்று பிள்ளைகளுக்கு மூன்று பாகம். எந்தச் சுவர் யாருக்கு, எந்த ஜன்னல் யார் பக்கம் என்று சண்டை. எல்லாம் பேசி முடித்த பிறகு, கிணற்றின் நடுவே எப்படிக் கோடு போடுவது என்று யாருக்கும் தெரியவில்லையாம். தாத்தா சொன்னாராம், கிணறு மூன்று பேருக்கும் பொது, தூர் வாரும் செலவு மூன்று பேருக்கும் பொது என்று. சுவர் விஷயத்தில் பத்து வருஷம் பேசாமல் இருந்த சகோதரர்கள் தினமும் காலையில் கிணற்றடியில் பார்த்துக்கொண்டதாக அப்பா எழுதியிருக்கிறார்.

மறுநாள் டிஸ்க்கில் மூன்றாவதாக 20 ஜி.பி.க்கு ஒரு பாகம் பிரித்தேன். லினக்ஸ் தன் வீட்டுக்குள் வைத்திருப்பதை விண்டோஸால் சாதாரணமாகப் படிக்க முடியாது. இரண்டுக்கும் புரிகிற முறையில் பொதுவாக ஒரு பாகம் இருப்பது நல்லது என்று அண்ணன் பையன் முன்பே சொல்லியிருந்தான். பெயர் கேட்டது. 'கிணறு' என்று வைத்தேன். அப்பாவின் ஃபைல் இப்போது அதில்தான் இருக்கிறது. எந்த வாசல் வழியாக வந்தாலும் தெரியும். மூன்று பிரதிகள் வெளியில் தனியாக.

பொங்கலுக்கு அதை பிரிண்ட் எடுத்து பைண்ட் செய்தாகிவிட்டது. அண்ணனுக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அம்மாவுக்குப் பெரிய எழுத்தில் ஒன்று.

நீங்களும் டூயல் பூட் செய்வதாக இருந்தால் என் ஆலோசனை சுருக்கமானது. முதலில் பிரதி. இரண்டாவது, பூட்டு இருக்கிறதா என்று பார்த்து, சாவியைக் காகிதத்தில் எழுதி வைத்தல். மூன்றாவதுதான் பார்ட்டிஷன். 'க்ளியர்' என்று எங்கே பார்த்தாலும் கையை எடுத்துவிடுங்கள்.

போன வாரம் அம்மா கூடத்திலிருந்து கூப்பிட்டாள். "டேய், அப்பா போன்ல மெசேஜ் வந்திருக்கு. நாளையோட முடியுதாம்."

"முடியாதும்மா. நேத்தே ஒரு வருஷத்துக்கு போட்டுட்டேன்" என்றேன்.

அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "உனக்கு ஏன்டா இந்த வேண்டாத செலவு?" என்றாள்.